கந்தளாயில் இரண்டு இரவு

லீவுக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில்
'ஓய்வு' என்று எழுதினேன்.
மேற்றன் இரண்டு தரம் வாசித்தா.
"வேற ஒண்டும் இல்லையா?"
வேற ஒண்டும் இல்லை.

திருகோணமலையில் பஸ் ஏறி
ஆண்டாங்குளம் தாண்ட முன்னமே
கிருபைராசன் நித்திரை.
சீனன்குடா மாவாலையில் இரவு வேலை முடித்து
அப்படியே வந்தவர்,
காது மடலில் இன்னும் கொஞ்சம் கோதுமை மா.
தம்பலகாமத்து வயல்களை
நான் தனியாகப் பார்த்தேன்,
அவருடைய பங்கையும் சேர்த்து.

விடுதி என்றால் ஆறு அறைகள்.
குளத்தைப் பார்த்தபடி ஒரு விறாந்தை,
ஒரு கால் குட்டையான கதிரை,
அதற்கப்பால் பாறைகள்:
லொறியில் வந்த யாரோ அவசரமாய் இறக்கி
கணக்குப் பாராமலே போய்விட்டது போல.
நான் கணக்குப் பார்த்தேன்.
பதினேழு.
எண்ணாமல் இருக்கத்தான் வந்தேன் என்பது
பதினேழுக்குப் பிறகே ஞாபகம் வந்தது.

சேலைன் துளிகள், நாடி, குளிசை,
விடியும்போது எத்தனை கட்டிலில் ஆளிருக்கு,
எத்தனை கட்டிலில் விரிப்பு மாற்றியிருக்கு...
பதினொரு வருசம்.
சட்டையில் குத்தும் மணிக்கூட்டைக் கழற்றி
மேசை லாச்சிக்குள்
சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன்.

"மிஸ்ஸுக்கு என்ன மீன் ஆக்கிற?"
குசினியிலிருந்து ரிபாய்தீன்.
"என்ன மீன் இருக்கு?"
"யப்பான் மட்டுந்தான்."
யப்பானைப் பொரிக்கச் சொன்னோம்.
பொரியும் மணம் வந்தபிறகுதான்
எங்கள் இரண்டு பேருக்கும் பசி என்று தெரிந்தது.

சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல
அதிகம் இல்லை.
நீர்க்காகங்கள் பாறையில் ஏறி
சிறகை விரித்துக்கொண்டு நின்றன,
கொடியில் போட்ட கறுப்புச் சட்டைகளாட்டம்.
கிருபைராசன் பத்து மணிக்கு எழும்பி
பிளேன்டீ குடித்து
பதினொன்றுக்குத் திரும்பப் படுத்தார்.
நான் தண்ணீர் ஓரத்துக் கல்லில் குந்தி
கால் பெருவிரலை மட்டும் நனைத்தேன்.
"மேல வாங்க மிஸ், முதலை இருக்கு."
பெருவிரலை எடுத்தேன்.
கொஞ்ச நேரத்தால் திரும்ப வைத்தேன்.

பொழுதுபடும் நேரம்
அக்கரையில் கிடந்த கல்லொன்று நகர்ந்தது.
இன்னொன்றும்.
பின்னால் சின்னக் கல்லொன்று
ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.
"யானை" என்றார் ரிபாய்தீன்,
மழை வருது என்று சொல்கிற குரலில்.
பிறகு இக்கரைப் பதினேழையும்
எனக்கு முழுதாய் நம்ப முடியவில்லை.

இரவு கரண்ட் போய் விசிறி நின்றது.
இரண்டு மணி இருக்கும்,
இரண்டு பேருக்கும் ஒரே நேரம் முழிப்பு.
ஆலையில் அது அவருக்குத் தேத்தண்ணி நேரம்.
வார்ட்டில் அது நான்
ஒவ்வொரு நெற்றியாய்த் தொட்டுப்போகும் நேரம்.
கலியாணம் கட்டி இத்தனை காலத்தில்
இரண்டு மணியில் இருவரும்
ஒரே இடத்தில் நின்றதில்லை.

துவாயை விரித்துப் பாறையில் இருந்தோம்.
பகல் வெயில் இன்னும் உள்ளுக்குள் கிடந்தது.
பழக்க தோசத்தில்
புறங்கையைக் கல்லில் வைத்துப் பார்த்தேன்.
"நூறு இருக்கும்."
"குளிசை குடுப்பமா?"
என்ன பெரிய பகிடி இது,
ஆனாலும் சிரித்தோம்,
குளம் முழுக்கக் கேட்கச் சிரித்தோம்.
தவளைகள் ஒரு கணம் நிறுத்தி
எங்களைப் பொறுத்துக்கொண்டு
திரும்பத் தொடங்கின.
எத்தனை தவளை என்று
எனக்குத் தெரியாது.

ஞாயிறு லாச்சியைத் திறந்தபோது
மணிக்கூடு ஓடிக்கொண்டுதான் இருந்தது,
கோபம் எதுவுமில்லாமல்.
சந்தியில் ஒரு சட்டி தயிர் வாங்கினோம்.
பஸ்ஸில் சட்டி என் மடியில்,
அது சரியாமல் பிடித்தபடியே
நான் உறங்கிப்போனேன்.

தம்பலகாமம் தாண்டி எழும்பி
"வயலெல்லாம் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.
நன்றாக யோசித்து,
"ஒரு ட்ரக்டர் பார்த்தன்" என்றார்.